நுரையீரல் கட்டிக்குக் கீஹோல் ஆபரேஷன்: முன்னும் பின்னும் வீட்டார் செய்ய வேண்டியவை

என் அம்மா வாழ்நாளில் பீடி சிகரெட்டைத் தொட்டதில்லை, ஆனால் முப்பது வருடம் விறகடுப்பை ஊதி ஊதிச் சமைத்தவர். இரண்டு மாதமாக இருமல் நிற்காமல் எக்ஸ்ரே எடுத்தபோது வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு நிழல் தெரிந்தது, டிபியாக இருக்கும் என்று மாத்திரை ஆரம்பித்தார்கள், சளியில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்த பிறகும் மாத்திரை ஓடிக்கொண்டே இருந்தது. ஆறு வாரம் கழித்து வேறொரு டாக்டர் சிடி எடுக்கச் சொன்னார். 2.3 செ.மீ. கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய். அன்றிலிருந்து அவர் மறுபடி எங்கள் வீட்டு மாடிப்படி ஏறிய நாள் வரைக்கும் நாங்கள் கேட்டு, படித்து, தவறு செய்து கற்றுக்கொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டர் சொல்வது இதிலிருந்து மாறினால் அவர் சொல்வதையே கேளுங்கள், ஆனால் ஏன் என்று கேட்டுவிட்டுக் கேளுங்கள்.

கீஹோலுக்கு முன்னால் ஒரு கேள்வி

"கீஹோலில், பெரிதாகக் கீறாமல் சின்னத் துளை வழியாக, செய்துவிடலாமா டாக்டர்?" என்றுதான் நாங்கள் முதலில் கேட்டோம். அது தப்பான முதல் கேள்வி. முதலில் தெரிய வேண்டியது, ஆபரேஷனால் பயன் இருக்கும் கட்டத்தில்தான் நோய் இருக்கிறதா என்பது. கட்டி நுரையீரலோடு நிற்கிறதா, நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கு, அதாவது கிருமியை வடிகட்டும் சின்ன முடிச்சுகளுக்கு, போய்விட்டதா, மூளை, எலும்பு, ஈரல், சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பி என்று வெளியே பரவிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இதற்கு பெட் சிடி ஸ்கேன் எடுப்பார்கள் (சர்க்கரை போன்ற ஒரு மருந்தை ஊசியில் ஏற்றி, அதை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேன்), பெரும்பாலும் மூளைக்குத் தனியாக எம்ஆர்ஐயும் எடுப்பார்கள், ஏனென்றால் மூளை இயல்பாகவே சர்க்கரையை அதிகம் உறிஞ்சுவதால் பெட் ஸ்கேனில் முழுக்க ஒளிரும், அதற்குள் சின்னக் கட்டி இருந்தால் தெரியாது. ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் 'ஸ்மால் செல்' வகை என்று வந்திருந்தால் கதையே வேறு. அதற்கு ஆபரேஷன் செய்வது அபூர்வம், கீமோவும் கதிர்வீச்சும்தான் முக்கியம்.

நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. பெட் ஸ்கேனில் நிணநீர்க் கணு ஒளிர்ந்தால் அது புற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. டிபி இருந்தாலும் ஒளிரும், வேறு அழற்சி இருந்தாலும் ஒளிரும். டிபி இவ்வளவு இருக்கும் நாட்டில், ஸ்கேன் ஒளிர்ந்ததை மட்டும் வைத்து "பரவிவிட்டது, ஆபரேஷன் முடியாது" என்று யாராவது சொன்னால், "அந்தக் கணுவிலிருந்து சதை எடுத்துப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். இபஸ் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. நுனியில் அல்ட்ராசவுண்ட் வைத்த மெல்லிய குழாயை வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் விட்டு, அங்கிருந்தே ஊசியால் கணுவைக் குத்தி உறிஞ்சி எடுப்பார்கள். அம்மாவுக்கு ஒரு கணு ஒளிர்ந்தது, இபஸ் செய்ததில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. அந்த ஒரு பரிசோதனை இல்லாவிட்டால் அவருக்கு ஆபரேஷனே நடந்திருக்காது.

துளை வழியாக என்ன செய்கிறார்கள்

பழைய முறையில் முதுகிலிருந்து அக்குளுக்குக் கீழே வரை ஒரு சாணுக்குக் கீறி, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே இரும்புக் கருவியை மாட்டி விரிப்பார்கள். வலிக்கு முக்கியக் காரணம் தோலின் வெட்டு இல்லை, இந்த விரிப்புதான். ஒவ்வொரு விலா எலும்பின் அடிவிளிம்பிலும் ஒரு நரம்பு ஓடுகிறது, அது நசுங்கினால் மாதக்கணக்கில் எரியும்.

கீஹோல் முறைக்கு டாக்டர்கள் வாட்ஸ் என்று சொல்வார்கள். ஒன்று முதல் நான்கு துளைகள். அதில் பெரியது 3 முதல் 5 செ.மீ. இருக்கும், வெட்டிய பகுதியை அதன் வழியாகத்தான் வெளியே எடுப்பார்கள். ஒரு துளையில் கேமரா போகும், சர்ஜன் திரையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வார், விலா எலும்பை விரிப்பதில்லை. நெஞ்சுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது புதிதும் இல்லை. ஸ்வீடனின் யாகோபேயஸ் 1910லேயே அதைத் தொடங்கி டிபி நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார். வீடியோ கேமராவும் நுனியில் ஸ்டேப்ளர் (பின் அடித்து மூடி வெட்டும் கருவி) வைத்த நீளக் கருவிகளும் வந்த பிறகு, 1990களின் தொடக்கத்தில்தான் நுரையீரலின் பெரிய பிரிவான மடலையே துளை வழியாக எடுக்க முடிந்தது. 2010ல் ஸ்பெயினின் டியேகோ கொன்சாலஸ் ரிவாஸ் ஒரே ஒரு துளையில் அதைச் செய்து காட்டினார். 1933ல் அமெரிக்காவில் எவார்ட்ஸ் கிரஹாம் புற்றுநோய்க்காக ஒரு நோயாளியின் இடது நுரையீரல் முழுவதையும் எடுத்தபோது கூடவே விலா எலும்புகளையும் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது என்பதைப் படித்தபோதுதான் அம்மாவின் விலாவில் இருக்கும் மூன்று சின்னத் தழும்புகள் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உறைத்தது.

சின்னத் துளை என்பதால் புற்றுநோயை அரைகுறையாக எடுத்துவிடுவார்களோ என்ற பயம் எல்லா வீட்டிலும் வரும், எங்களுக்கும் வந்தது. பிரிட்டனில் 9 மருத்துவமனைகளில் 503 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கீஹோலிலும் மறு பாதிக்குத் திறந்தும் மடலை எடுத்து ஒப்பிட்டார்கள். கட்டியை முழுதாக எடுத்ததிலும் நிணநீர்க் கணுக்களை எடுத்ததிலும் வித்தியாசம் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்த சிக்கல்கள் கீஹோலில் 32.8 சதவீதம் பேருக்கு, திறந்து செய்ததில் 44.3 சதவீதம் பேருக்கு. ஐந்தாவது வாரத்தில் அன்றாட வேலைகளைச் செய்யும் தெம்பும் கீஹோல்காரர்களுக்கே அதிகம்.

சர்ஜனிடம் கேட்க வேண்டியவை

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடும்.

எவ்வளவு எடுப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். வலது நுரையீரலில் 3 மடல்கள், இடதில் 2. ஒவ்வொரு மடலுக்குள்ளும் தனித்தனிப் பகுதிகள் உண்டு, இரண்டு நுரையீரலுக்கும் சேர்த்து 19 என்று கணக்கு வைப்பார்கள். "அம்மாவுக்குப் பாதி நுரையீரல் போய்விடுமா?" என்று நான் அழாத குறையாகக் கேட்டேன். வலது மேல் மடலில் இருப்பது 3 பகுதி, 19ல் 3, அதாவது ஆறில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு என்று சர்ஜன் தாளில் வரைந்து காட்டினார். அந்தக் கணக்கைக் கேட்ட பிறகுதான் அன்று இரவு வீட்டில் எல்லாரும் சாப்பிட்டோம்.

கட்டி 2 செ.மீ.க்குள், நுரையீரலின் வெளி ஓரத்தில், கணுக்களுக்குப் பரவாமல் இருந்தால் முழு மடலையும் எடுக்காமல் அதன் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதும் இப்போது சரியான வழியே. ஜப்பானில் 1106 பேரிடம் நடந்த ஆய்வு 2022ல் வெளியானது, ஐந்து ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் பகுதி எடுத்தவர்களில் 94.3 சதவீதம், மடல் எடுத்தவர்களில் 91.1 சதவீதம். 2023ல் வந்த அமெரிக்க ஆய்வும் சின்னக் கட்டிக்குக் குறைவாக எடுப்பது சளைத்ததில்லை என்றே சொன்னது. உங்கள் வீட்டில் கட்டி அவ்வளவு சின்னதாக இருந்தால், மூச்சுத் திறன் குறைந்த ஆளாகவும் இருந்தால், இதைக் கட்டாயம் கேளுங்கள். அம்மாவுக்கு 2.3 செ.மீ. என்பதால் மடல்தான்.

அடுத்து, நிணநீர்க் கணுக்களை எடுப்பீர்களா, எத்தனை இடத்திலிருந்து எடுப்பீர்கள் என்று கேளுங்கள். நெஞ்சின் நடுவில் குறைந்தது 3 இடங்களிலும், நுரையீரலின் வேர்ப்பக்கம் குறைந்தது 1 இடத்திலும் எடுக்க வேண்டும் என்பது இன்றைய அளவுகோல். துளை சின்னதோ பெரிதோ, இந்த வேலையைச் சரியாகச் செய்தார்களா என்பதுதான் முக்கியம், ஏனென்றால் பின்னால் கீமோ வேண்டுமா வேண்டாமா என்பது இந்தக் கணுக்களைப் பார்த்துத்தான் முடிவாகும்.

அப்புறம் இந்த ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், எத்தனை பேருக்கு நடுவில் திறக்க வேண்டி வந்தது என்று கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருக்கும், கேளுங்கள், நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார். பழைய டிபி வந்து ஆறியவர்களுக்கு நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிப்போயிருக்கும், கணுக்கள் ரத்தக் குழாயைச் சுற்றிக் கல்லாக இறுகியிருக்கும், அப்போது துளை வழியாகப் பிரிப்பது ஆபத்து. நடுவில் திறந்தால் அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். ரத்தம் கொட்டும் நேரத்தில் தழும்பின் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாத சர்ஜன்தான் நமக்கு வேண்டும். கட்டி பெரிதாக, நடுப்பக்கமாக, நெஞ்சுச் சுவருக்குள் புகுந்து இருந்தால் ஆரம்பத்திலேயே திறந்துதான் செய்யலாம் என்பார்கள், அதுவும் நியாயம்தான்.

ரோபோ வேண்டுமா என்று கேட்பார்கள். ரோபோ தானாக எதையும் வெட்டாது. சர்ஜன் தியேட்டரிலேயே ஒரு மேசையில் உட்கார்ந்து கையால் இயக்குவார், கருவியின் நுனி மணிக்கட்டு மாதிரி வளையும், திரையில் ஆழம் தெரியும். பலன் வாட்ஸ் மாதிரித்தான், செலவு கூடும். வாட்ஸில் நன்றாகக் கை பழகிய சர்ஜன் கிடைத்திருந்தால் ரோபோவுக்காக அவரை விட்டுவிட்டு வேறிடம் தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து.

செலவையும் அன்றே பேசிவிடுங்கள். ஸ்டேப்ளரில் மாட்டும் பின் அடைத்த தோட்டாக்கள் ஒவ்வொன்றும் விலை அதிகம், அது பேக்கேஜுக்குள் வருகிறதா, திறக்க நேர்ந்தால் கூடுதலா, ஐசியூ நாட்கள் கூடினால் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். அட்மிட் ஆகும் நாளுக்கு முன்பே அங்கே இருக்கும் காப்பீட்டுக் கவுண்டரில் போய் விசாரியுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்கள்

புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். நான்கு வாரமாவது இடைவெளி கிடைத்தால் சளி குறையும், நிமோனியா வாய்ப்பு குறையும். பீடி, சுருட்டு, ஹூக்கா எல்லாம் ஒன்றுதான்.

மூச்சுப் பரிசோதனையில் இரண்டு எண்கள் முக்கியம். ஒரு நொடியில் எவ்வளவு காற்றை வெளியே தள்ள முடிகிறது என்பது ஒன்று, காற்றிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பது இன்னொன்று. மடலை எடுத்த பிறகு இவை எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போடுவார்கள். இரண்டும் இயல்பாக இருக்க வேண்டிய அளவில் 60 சதவீதத்துக்கு மேல் என்றால் கவலை இல்லை, அதற்குக் கீழே போனால் படி ஏறச் சொல்லியோ நடக்கச் சொல்லியோ பார்ப்பார்கள்.

இந்த வாரங்களில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய வேலை நடக்க வைப்பதுதான். அம்மா காலையில் அரை மணி, மாலையில் அரை மணி தெருவில் நடந்தார். மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும், அந்த வேகம் போதும். கூடவே மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை மருந்துக் கடையில் வாங்கிவிடுங்கள். அதில் எல்லாரும் ஒரே தவறைச் செய்கிறார்கள், நாங்களும் ஒரு வாரம் செய்தோம், ஊதினோம். அது ஊதுவதற்கு இல்லை, உறிஞ்சுவதற்கு. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுதாக வெளியே விட்டு, குழாயை வாயில் கவ்வி மெதுவாக உள்ளே இழுத்துப் பந்தை மேலே நிறுத்தி, சில நொடி பிடித்து, விட வேண்டும். மூன்று பந்தும் படாரென்று மேலே போவது பெருமை இல்லை, ஒரு பந்தானாலும் நிதானமாக நிற்க வேண்டும். தலை சுற்றினால் நிறுத்தி ஓய்வெடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வலியோடு இதைக் கற்றுக்கொள்ள முடியாது, முன்பே கை வந்திருக்க வேண்டும்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இன்சுலின், சித்த மருந்து, லேகியம் எதுவானாலும் பட்டியல் போட்டு மயக்க டாக்டரிடம் காட்டுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்று அவர்தான் சொல்ல வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. ஆடும் பல் இருந்தால் சொல்லுங்கள், தொண்டையில் குழாய் போடும்போது அது உடையலாம். சாப்பாட்டில் முட்டை, மீன், பருப்பு, சுண்டல் கூடட்டும்.

அன்றைய தினம்

வாசலில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மனசு கொஞ்சம் நிற்கும். இரண்டு வழி உள்ள ஒரு குழாயை மூச்சுக்குழாய்க்குள் வைப்பார்கள், ஒரு நுரையீரல் மட்டும் சுவாசிக்கும், ஆபரேஷன் செய்யும் பக்கம் காற்றிறங்கிய பலூன் மாதிரி சுருங்கும், அந்த இடைவெளியில்தான் கேமரா வேலை செய்கிறது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். மடலுக்கு வரும் ரத்தக் குழாய்களையும் மூச்சுக்குழாயையும் ஒவ்வொன்றாகப் பிரித்து ஸ்டேப்ளரால் மூடி வெட்டுவார்கள், அந்தக் கருவி இரு பக்கமும் வரிசை வரிசையாக நுண்ணிய பின்களை அடித்து நடுவே அறுக்கும். வெட்டிய மடலை ஒரு பைக்குள் போட்டுத்தான் வெளியே இழுப்பார்கள், துளையின் சதையில் புற்றுச் செல் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக. கடைசியில் உள்ளே நீர் ஊற்றி, நுரையீரலை ஊதச் சொல்லி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள், சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலவே. எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். நேரம் கூடினால் உடனே பயப்படாதீர்கள்.

குழாயும் பாட்டிலும்

ஐசியூவிலிருந்து வெளியே வரும்போது விலாப் பக்கத்திலிருந்து ஒரு குழாய் தண்ணீர் உள்ள பாட்டிலுக்குப் போகும். முதல்முறை பார்த்தால் பதறும். உள்ளே தங்கும் காற்றும் நீரும் வெளியே வரத்தான் அது. மூச்சுக்கு மூச்சு தண்ணீர் மட்டம் ஏறி இறங்கினால் குழாய் அடைக்காமல் இருக்கிறது என்று அர்த்தம். இருமும்போது குமிழி வந்தால் இன்னும் காற்று கசிகிறது, பெரும்பாலும் சில நாளில் தானாக நிற்கும். ஐந்து நாளைத் தாண்டியும் கசிவு நீடிக்கும் ஆட்களும் உண்டு, சிலரைக் குழாயோடே வீட்டுக்கு அனுப்புவார்கள். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும். நடக்கும்போது பையைப் போலக் கையில் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். கட்டில் மேல் தூக்கி வைக்கக் கூடாது, நீங்களாகக் குழாயை மடக்கியோ கிளிப் போட்டோ அடைக்கவே கூடாது.

நடக்க வைப்பது மறுநாளே தொடங்கும். சொந்தக்காரர்கள் "ஐயோ, நேற்றுத்தானே அறுத்தார்கள், படுக்க விடு" என்பார்கள். விடாதீர்கள். படுத்தே இருந்தால் சளி தேங்கும், நிமோனியா வரும், காலில் ரத்தம் உறையும். ஒரு தலையணையைத் துளைப் பக்கம் அழுத்திக் கட்டிக்கொண்டு இருமச் சொல்லுங்கள், வலி பாதியாகும். வலி மாத்திரையை வலி முற்றிய பிறகு கேட்காமல் நேரத்துக்குக் கேளுங்கள். வலியை அடக்கிக்கொண்டு இருப்பவர் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார், இரும மாட்டார், கடைசியில் அதுதான் பிரச்சினையாகும். அம்மா "யாரையும் தொந்தரவு பண்ணாதே" என்று வலியை மறைத்தார். முகத்தைப் பார்த்து நீங்களே நர்ஸைக் கூப்பிடுங்கள். அந்த மாத்திரைகள் மலச்சிக்கல் தரும், முக்கினால் விலா வலிக்கும், ஆகவே வாழைப்பழம், கீரை, தண்ணீர். பார்க்க வருகிறவர்களில் சளி இருமல் உள்ளவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

விறகடுப்பு, சாம்பிராணி, கொசுவர்த்தி மூன்றும் நின்றன எங்கள் வீட்டில். வறட்டு இருமல் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். மார்புக்குக் கீழே மரத்துப்போவது, எறும்பு ஊர்வது போல இருப்பது, துணி பட்டால் எரிவது இவையெல்லாம் நரம்பின் வேலை. பெண்களுக்கு உள்ளாடையின் பட்டை சரியாக அந்த இடத்தில் உறுத்தும், தளர்ந்த பருத்தி பனியன் போடச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு இதை டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், நரம்பு வலிக்குத் தனி மாத்திரை இருக்கிறது, கேட்டால் தருவார். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையைத் தினமும் தலைக்கு மேல் தூக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோள் இறுகிவிடும். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, பேரக்குழந்தை எதையும் டாக்டர் சொல்லும் வரை தூக்கக் கூடாது. விமானப் பயணம் இருந்தால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலி புதிதாக வந்தால், காய்ச்சல் வந்தால், துளையில் சீழ் கசிந்தால், இருமலில் ரத்தம் வந்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், கழுத்திலோ மார்பிலோ தோல் உப்பி, அழுத்தினால் நெறுநெறு என்றால், விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பயாப்ஸி ரிப்போர்ட்

வெட்டி எடுத்த மடலையும் கணுக்களையும் பரிசோதித்த ரிப்போர்ட் பத்துப் பதினைந்து நாளில் வரும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது நான்கு விஷயம் கேளுங்கள்: வெட்டிய விளிம்பில் புற்றுச் செல் இல்லையே, கணுக்களில் எத்தனையில் இருந்தது, கடைசி ஸ்டேஜ் என்ன, மரபணுப் பரிசோதனை அனுப்பியாயிற்றா. புகைக்காதவர்களின் கட்டியில், முக்கியமாக நம் பெண்களிடம், இஜிஎஃப்ஆர் என்ற மரபணு மாற்றம் நிறையக் காணப்படுகிறது. அதன் இரண்டு முக்கிய வகைகளுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஒசிமெர்டினிப் மாத்திரையை 3 ஆண்டு கொடுத்துப் பார்த்த ஆய்வில், ஐந்தாம் ஆண்டில் மாத்திரை எடுத்தவர்களில் 88 சதவீதம் பேரும் எடுக்காதவர்களில் 78 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். எல்லா ஸ்டேஜுக்கும் அது தேவைப்படாது, விலையும் அதிகம், ஆனால் பரிசோதனை செய்யாமல் விட்டால் தேவையா என்பதே தெரியாமல் போய்விடும்.

கட்டியிலிருந்து மெழுகில் பதித்து வைத்த துண்டை பிளாக் என்பார்கள். ஆஸ்பத்திரி மாறினால் ரிப்போர்ட்டோடு அதையும் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் அந்தக் கட்டியில் புதிய பரிசோதனை எதுவும் செய்ய முடியாது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு சிடி, அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒன்று என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் பழைய சிடியின் டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போங்கள், பழையதோடு வைத்துப் பார்த்தால்தான் தழும்பு எது, புதிதாக வந்தது எது என்று ரேடியாலஜி டாக்டரால் சொல்ல முடியும். அம்மாவின் டிஸ்க்குகள் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில், சாமி அலமாரிக்குக் கீழே இருக்கின்றன, தேதி எழுதி ஒட்டி.